சீட்டு இல்லாமல் துணியில் கத்தி வைப்பதில்லை

திருப்பூரில் மங்கலம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கும் சிறிய பனியன் கம்பெனியில் நான் பதின்மூன்று ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். 46 மெஷின்கள், கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாவற்றையும் சேர்த்தாலும் எண்பது பேருக்கு மேல் இல்லை. ஐரோப்பாவில் இருக்கும் இரண்டு வாடிக்கையாளர்களுக்குப் பெண்கள், குழந்தைகள் ஆடைகளைத் தைத்து அனுப்புகிறோம். ஆர்டர் கையில் கிடைத்த நாள் முதல் தூத்துக்குடியில் கன்டெய்னர் கப்பலேறும் நாள் வரை நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (பிறகு சுருங்காதபடி துணியை முன்கூட்டியே சுருக்கும் வேலை), பிரிண்டிங் என்று ஒவ்வொரு இடத்திலும் துணியின் பின்னாலேயே ஓடுவதுதான் என் வேலை. முதலாளி தினமும் காலை எட்டரைக்கே வந்துவிடுவார். எந்தக் கேள்வியாக இருந்தாலும் அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்று கேட்டுவிடலாம். அப்படித்தான் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் வேலை நடந்தது.

2023 தீபாவளிக்குப் பிறகு முதலாளிக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. தினமும் வரக்கூடாது, படியேறக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், ஆயிரம் மெஷின்களுக்கு மேல் ஓடும் பெரிய நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஒருவரை 2024 ஜனவரியில் மேலாளராக நியமித்தார். அந்த மேலாளரோடு வேலை செய்யக் கற்றுக்கொள்ள எனக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. சிறிய நிறுவனங்களில் இருக்கும் பலர் இதே நிலையில் தவிப்பதை அறிவேன். அவர்களில் சிலருக்காவது உதவும் என்ற எண்ணத்தில்தான் நடந்ததை எழுதுகிறேன்.

அவர் வேலை தெரியாதவர் அல்லர். ஒரு ஸ்டைலைப் பார்த்தவுடன் எத்தனை ஓவர்லாக் மெஷின், எத்தனை பேட்லாக் மெஷின், ஒரு ஷிப்டுக்கு எத்தனை பீஸ் என்று கணக்குச் சொல்லிவிடுவார். ஆனால் எதையும் அறைக்குள் அழைத்துக் கேட்க மாட்டார்; டைலர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையின் நடுவே நிற்க வைத்து, மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரலில்தான் கேட்பார். இரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வரும். காலையில் அதற்குப் பதில் எங்கே என்று கேட்பார். பிரிண்டிங் யூனிட்டுக்கு என்னிடம் சொல்லாமலே பேசி, நான் ஒப்புக்கொண்ட தேதியை மாற்றிவிடுவார். இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பொறுக்க முடியாமல் போனது, வாயால் ஓர் உத்தரவைச் சொல்லிவிட்டு, அது தவறாகிப்போனால் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்ததுதான்.

அந்த ஆண்டின் நெருக்கடியையும் சொல்ல வேண்டும். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதால், 2023 இறுதியிலிருந்தே ஐரோப்பா செல்லும் கப்பல்கள் சூயஸ் வழியை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. சரக்குப் போய்ச் சேர ஏறத்தாழ பத்து நாட்களுக்கு மேல் கூடுதலாக ஆனது. அந்த நாட்களை வாடிக்கையாளர் எங்கள் தையல் நாட்களிலிருந்துதான் கழித்துக்கொண்டார். புதிதாக வந்த ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய அழுத்தம் என்பதை இப்போது யோசித்துப் பார்க்க முடிகிறது. அப்போது எனக்கு அந்த நிதானம் இல்லை.

ஏப்ரல் மாதத்தில் ஒரு மாலை, காம்பாக்டிங் முடிந்து நேவி ப்ளூ துணி வந்து இறங்கியது. பருத்தியோடு ஐந்து விழுக்காடு லைக்ரா கலந்த சிங்கிள் ஜெர்சி, 180 ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம், இருக்க வேண்டும். லைக்ரா துணி ரோலில் இழுபட்டே இருக்கும். அதைப் பிரித்துத் தளர்வாக மடித்துப் போட்டு, 24 மணி நேரமாவது ஆறவிட்ட பிறகுதான் லே போட வேண்டும், அதாவது வெட்டுவதற்காக மேசையில் அடுக்கடுக்காக விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய பிறகு துண்டுகள் சுருங்கி, தைத்த ஆடை அளவில் குறைந்துவிடும். எங்கள் கட்டிங் மாஸ்டர் ரோல்களைப் பிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது மேலாளர் வந்தார். “இன்னைக்கு ராத்திரியே லே போடச் சொல்லுங்க மேடம், நாளைக்கு லைனுக்குத் துணி வேணும்” என்றார். துணி ஆற வேண்டும் என்று நான் சொன்னதற்கு, காம்பாக்டிங் செய்த துணிக்கு அதெல்லாம் தேவையில்லை என்று பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். நான் மாஸ்டரிடம் போய், வெட்டிவிடுங்கள் என்றேன். மாஸ்டர் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் லே போடத் தொடங்கினார்.

மறுநாள் மாலை மாஸ்டர் என்னை அழைத்து ஒன்றைக் காட்டினார். ஜி.எஸ்.எம். கட்டர் என்பது உள்ளங்கையில் அடங்கும் வட்டமான கருவி. துணியின் மேல் வைத்து அழுத்தித் திருப்பினால் சரியாக நூறு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வட்டத் துண்டு ஒன்று வெட்டுப்பட்டு வரும். அதைச் சின்னத் தராசில் வைத்து, காட்டும் கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். கிடைக்கும். முதல்நாள் துணி வந்தவுடன் அவர் வெட்டிய வட்டத்தின் எடை 1.76 என்று அவருடைய நோட்டில் இருந்தது. ஒதுக்கி வைத்திருந்த அதே ரோலின் மீதித் துணியிலிருந்து என் கண்முன்னால் இன்னொரு வட்டம் வெட்டித் தராசில் வைத்தார். 1.82 காட்டியது. ஒரே துணி, ஒரு நாளுக்குள் சுருங்கி அடர்த்தியாகியிருந்தது. அந்தச் சுருக்கம் முழுவதும் இப்போது லைனில் ஓடிக்கொண்டிருக்கும் துண்டுகளில் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, எனக்கே புரிந்தது.

மொத்த ஆர்டர் 6,000 பீஸ். இன்ஸ்பெக்‌ஷனில் அந்த அளவுள்ள லாட்டுக்கு எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். 2.5 முறைப்படி 200 பீஸ்களை எடுத்துப் பார்ப்பார்கள். குறை பத்து வரை இருந்தால் பாஸ், பதினொன்று ஆனால் ஃபெயில். நேவி ப்ளூவில் மட்டும் பதினேழு பீஸ்கள் நீளத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தன. அந்த நிறத்தின் எல்லாப் பீஸ்களையும் ஒவ்வொன்றாக டேப் வைத்து அளந்து பிரித்தோம். எழுநூறுக்கு மேல் தள்ளுபடியாயின. அவற்றை மறுபடி வெட்டித் தைத்து முடிப்பதற்குள் அந்த வாரக் கப்பல் போய்விட்டது. விலையில் 4 விழுக்காடு கழித்துக்கொண்டுதான் வாடிக்கையாளர் சரக்கை ஏற்றார்.

முதலாளி வீட்டில் நடந்த பேச்சில், கட்டிங்குக்கு அனுமதி கொடுத்தது மெர்ச்சண்டைசர்தான் என்றார் மேலாளர். அது பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. மாஸ்டரிடம் போய் வெட்டச் சொன்னது நான்தானே. அவர் சொன்னார் என்பதற்கு என்னிடம் எதுவுமே இல்லை. முதலாளி என்னைத் திட்டவில்லை. “இத்தனை வருஷம் இருந்துட்டு நீ எப்படிம்மா விட்ட?” என்று மட்டும் கேட்டார். அன்று வீடு திரும்பி நெடுநேரம் வண்டியை நிறுத்தாமல் வாசலிலேயே நின்றிருந்தேன்.

அடுத்த துணி வந்தபோது நான் வழக்கம்போல மாஸ்டரிடம் வாயால் சொன்னேன். அறுபது வயதைக் கடந்த அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அம்மிணி, கோவிச்சுக்காத. இனிமே சீட்டு இல்லாம நான் துணியில கத்தி வைக்கிறதில்லை” என்றார். யார் சொன்னது, எந்த ரோல், எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு வெட்டலாம் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார். என்னிடமே எழுதிக் கேட்கிறாரே என்று முதலில் வலித்தது. ஆனால் மேலாளர் எனக்குச் செய்ததைத்தான் நான் மாஸ்டருக்குச் செய்திருக்கிறேன் என்பதை அவர் கடுமையாக ஒரு சொல் பேசாமல் எனக்கு உணர்த்திவிட்டார். எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு மேலிருப்பவரிடமும் எழுதிக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

அதை எப்படிக் கேட்பது என்பதில் முதலில் தவறு செய்தேன். ‘நீங்கள் சொன்னதால் செய்கிறேன், பிறகு பிரச்சினை வந்தால் நான் பொறுப்பில்லை’ என்று மேலாளருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். மறுநாள் அது பெரிய சண்டையாக மாறியது. அவரை மாட்டிவைக்கப் பார்க்கிறேன் என்றார். யோசித்துப் பார்த்தால் அந்த வாக்கியத்தில் வேலையைப் பற்றி ஒன்றுமே இல்லை, என் பயம் மட்டும்தான் இருந்தது. பிறகு மாஸ்டரின் சீட்டு மாதிரியே எழுதத் தொடங்கினேன்: ‘சார், துணி 14 ரோல், மாலை 6:10க்கு வந்தது. நாளை மாலை 6:30க்கு லே போடலாம். இன்றிரவே போட்டால் நீளத்தில் ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் வரை குறையலாம். எப்படிச் செய்யட்டும் என்று சொல்லுங்கள்.’ பழி இல்லை, புலம்பல் இல்லை. துணி, நேரம், விளைவு, கேள்வி. அவர் எழுத்தில் பதில் தரவில்லை. பத்து நிமிடம் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, “சரி, நாளைக்கே போட்டுக்கலாம்” என்றார். நான் உடனே, ‘நீங்கள் தொலைபேசியில் சொன்னபடி நாளை மாலை லே போடுகிறோம், நன்றி’ என்று எழுதிப் போட்டேன்.

தன் பெயரோடு சேர்த்து எழுதப்படும் முடிவை அவர் நிதானமாகவே எடுத்தார். அவர் முன்பு இருந்த பெரிய நிறுவனத்தில் ஒருவர் அவசரப்பட்டாலும் லேப் தடுக்கும், குவாலிட்டி தடுக்கும், பிளானிங் தடுக்கும். ஓர் உத்தரவு நாலு கை மாறித்தான் துணியைத் தொடும். எங்களிடம் அப்படி எந்தத் தடுப்பும் இல்லை. அவர் நடந்துகொண்டே சொன்ன ஒரு சொல் அரை மணி நேரத்தில் கத்தியாகிவிடும். அந்த இடைவெளியில் ஒரு காகிதத்தை நுழைக்க முடிந்தது. அவருடைய குணத்தை மாற்ற என்னால் முடியவில்லை, அதற்கு முயன்ற மாதங்கள் எனக்கு நஷ்டம்தான்.

அவர் பக்கம் நியாயம் இருந்த விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வந்த இரண்டாம் மாதமே, பிரிண்டிங், எம்பிராய்டரி, காம்பாக்டிங் என்று வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எழுத்தில் ஆர்டரும், பணம் எத்தனை நாளில் தருவோம் என்ற ஒப்பந்தமும் வேண்டும் என்று நின்றார். எங்கள் முதலாளி வாய்ச்சொல்லிலேயே தொழில் செய்தவர். சனிக்கிழமை வாங்கிக்கலாம் என்பார், அது சில சமயம் மூன்று மாதங்கள் கழித்து வரும் சனிக்கிழமையாக இருக்கும். மேலாளர் மேல் இருந்த வெறுப்பில் நான் அந்த வேலையைப் பத்து நாட்கள் தள்ளிப்போட்டேன். பிறகு ஆடிட்டர் விளக்கியபோதுதான் தெரிந்தது: அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் புதிதாகச் சேர்த்த விதியின்படி, 2023-24 நிதியாண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் தந்துவிட வேண்டும், கெடு தாண்டி மார்ச் இறுதியிலும் பாக்கி நின்றால், அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது, வரி கட்ட வேண்டியிருக்கும். நாங்கள் வேலை கொடுக்கும் யூனிட்டுகளில் பெரும்பாலானவை குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு பெற்றவை. அவர் பிடிவாதமாக நிற்காவிட்டால் அந்த மார்ச் மாதம் எங்களுக்குப் பெரிய செலவு வைத்திருக்கும். யூனிட்டுக்காரர்களுக்கும் பணம் நாளோடு வரத் தொடங்கியது. கேட்கும் விதம் பிடிக்காததால் கேட்கப்பட்டதும் தவறாகத்தான் இருக்கும் என்று நான் எண்ணியது என் பிழை. அதன் பிறகு அவர் எதைச் சொன்னாலும், இதையே முதலாளி சொல்லியிருந்தால் செய்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்ளப் பழகினேன்.

ஆனால் ஒன்றை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அதில் அவருக்கு இருக்கும் அளவுக்குப் பங்கு எனக்கும் இருக்கிறது. செக்கிங்கில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா இருந்தார். ஒன்பது ஆண்டுகளாக எங்களிடம் இருந்தவர். ஜூன் மாதத்தில் அவர் பார்த்து அனுப்பிய பீஸ் கட்டு ஒன்றில் எண்ணெய்க் கறை படிந்த நாலைந்து பீஸ்கள் இருந்தன. மேலாளர் அவற்றை அவருடைய மேசையில் வீசி, கண் தெரியாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்த மேசைக்கு மேலிருந்த இரண்டு டியூப்லைட்டுகளில் ஒன்று ஒரு வாரமாக எரியவில்லை என்பது எனக்குத் தெரியும். எலக்ட்ரீஷியனுக்கு நான்தான் சொல்லியிருந்தேன். நேவி ப்ளூவில் எண்ணெய்க் கறையை அந்த வெளிச்சத்தில் யாராலும் பார்க்க முடியாது. நான் மூன்றடி தூரத்தில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. அக்கா தன் முந்தானையால் மேசையை ஒருமுறை துடைத்துவிட்டு, பீஸ்களை அடுக்கி வைத்தார். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர் திங்கட்கிழமை வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பக்கத்துத் தெருக் கம்பெனியில் அதே ஷிப்ட் ரேட்டுக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லி, எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். லைட்டைப் பற்றி நான் பேச்செடுத்தபோது, விடுங்க கண்ணு என்று நிறுத்திவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் மேலாளரின் அறைக்குப் போய்ப் பேசினேன். “சார், என்னை எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள், ஆனால் இந்த அறைக்குள் கூப்பிட்டுக் கேளுங்கள். செக்கிங்கில் குறை இருந்தால் முதலில் என்னைக் கேளுங்கள், நான் விசாரித்துச் சொல்கிறேன்” என்றேன். லைட் எரியாததையும் சொன்னேன். அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. அன்று சாயங்காலமே எலக்ட்ரீஷியன் வந்தார். அதற்குப் பிறகு குரல் உயர்வது நிற்கவில்லை, ஆனால் லைனின் நடுவே நிறுத்திக் கேட்பது குறைந்தது. ஒரு வாரம் முன்னால் பேசியிருந்தால் அக்கா போயிருக்க மாட்டார்.

முதலாளியிடம் நான் இரண்டு முறை போனேன். முதல்முறை போனபோது மேலாளரின் குணத்தைப் பற்றித்தான் பேசினேன், குரல் தழுதழுத்தது. அவர், “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா, பழகிடும்” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. சிறிய கம்பெனியில் தனி மனிதவளத் துறை கிடையாது, அவரே தேடிப்பிடித்து அமர்த்தியவரைப் பற்றி அவரிடமே குறை சொல்கிறோம். அதுவும் உடல் தேறாத நேரத்தில். இரண்டாம் முறை செப்டம்பரில் போனபோது ஒரு தாளை மட்டும் எடுத்துப் போனேன். ஆறு மாதங்களில் மறுபடி வெட்டிய பீஸ் எத்தனை, அதன் துணிச் செலவு எவ்வளவு, விலகிப்போன டைலர்கள் எத்தனை பேர், யூனிட்டுகளில் தேதி மாறியதால் காத்திருந்த நாட்கள் எத்தனை என்று மட்டும் எழுதியிருந்தேன். மேலாளரால் குறைந்த நஷ்டங்களையும், ஜாப் ஒர்க் பாக்கி தீர்ந்ததையும் அதே தாளில் எழுதினேன். முதலாளி கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். கட்டிங் அனுமதி இனி எல்லோருக்கும் எழுத்தில்தான், யூனிட்டுகளோடு தேதி பேசுவது மெர்ச்சண்டைசர் மட்டும்தான், ஷிப்மென்ட் நாள் தவிர இரவு எட்டரைக்கு மேல் யாருக்கும் செய்தி அனுப்பக்கூடாது என்று மூன்று முடிவுகளை மேலாளரையும் உட்கார வைத்துச் சொன்னார். மூன்றாவது முடிவு அவ்வப்போது மீறப்படுகிறது. முதல் இரண்டும் நிலைத்துவிட்டன.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நான் எழுதுவதெல்லாம் கடுமையாகப் பேசும், அவசரப்படும் மேலாளரைப் பற்றி. பெண்களிடம் எல்லை மீறுபவரைப் பற்றி அல்ல. அப்படிப்பட்டவரிடம் சமாளித்து வேலை செய்யக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 2013 சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலோ, புகார் முதலாளி மேலேயே இருந்தாலோ, மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

வேலையை விட்டுவிடலாம் என்றும் பலமுறை நினைத்தேன். ஒரு நேர்காணலுக்குப் போய்ச் சம்பளம் வரை பேசினேன். பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து ஒவ்வொரு மாதமும் சரியாகக் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்தேன். கம்பெனி மாறினாலும் பி.எஃப். கணக்குக்கான யூ.ஏ.என். எண் ஒன்றே என்பதால் சேவைக்காலம் அறுபடாது என்று தெரிந்ததே பாதிப் பாரத்தைக் குறைத்தது. கதவு பூட்டியிருக்கவில்லை என்று தெரிந்த பிறகு அறைக்குள் இருப்பது அவ்வளவு மூச்சுமுட்டவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது ஊரில் பல கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தின; நான் நேர்காணலுக்குப் போன இடமும் அமெரிக்க ஆர்டர்களை நம்பியிருந்த இடம்தான். நான் தங்கியது அதற்காக அல்ல. அதற்கு முன்பே தங்குவது என்று முடிவு செய்திருந்தேன்.

மாஸ்டர் இந்தப் பொங்கலோடு வேலையை நிறுத்திக்கொண்டார். கட்டிங் மேசையின் காலில் வளைத்துக் கட்டியிருக்கும் கம்பியில் அவர் குத்தி வைத்த சீட்டுகள் அப்படியே இருக்கின்றன. புதிய மாஸ்டரும் அதிலேயே குத்துகிறார். அடியில் எண்ணெய் பட்டு மஞ்சளாகிப்போன முதல் சீட்டு என் கையெழுத்தில் இருக்கிறது. மேலே கடந்த வியாழக்கிழமைச் சீட்டு மேலாளரின் கையெழுத்தில்: லைக்ரா, 9 ரோல், வந்த நேரம் 6:40. வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு லே போட்டோம்.